ஒழுகும் கொட்டகைக் கூரை: செப்பனிடலும் உறுதிப்படுத்தலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் இன்றியமையாத் தேவைகள் என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். உறையுள் என்றதும் நமக்கு வீடுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உழவனுக்கு வீட்டை அடுத்து இன்னோர் உறையுளும் உண்டு. அதுதான் தோட்டத்திலோ தோப்பிலோ இருக்கும் கொட்டகை. நீர் இறைக்கும் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி அங்கேதான் இருக்கும். உர மூட்டை, மண்வெட்டி, கயிறு, காயப் போட்டு அள்ளிய கொப்பரை எல்லாம் அங்கேதான் கிடக்கும். இரவுக் காவலுக்குப் போகிறவரின் கயிற்றுக் கட்டிலும் அங்கேதான். வீட்டுக் கூரை ஒழுகினால் அன்றே ஆள் தேடுகிறோம். கொட்டகைக் கூரை ஒழுகினால், "மழை விடட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் விட்டுவிட்டோம். அதனால் நேர்ந்த ஒரு தீங்கும், பின்பு அக்கூரையைச் செப்பனிட்டபோது கற்ற பாடமும் இக்கட்டுரையின் பொருளாகும். முதலாண்டில் படித்த 'பொருட்பண்புகள்' பாடம் ஒரு தகரக் கூரையின் மேல் எனக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதையும் இதில் காண்போம்.

கூரை வந்த கதை

எங்கள் தென்னந்தோப்பு பேராவூரணிப் பகுதியில் உள்ளது. தோப்பின் நடுவே முன்பு இருந்தது கீற்றுக் கொட்டகை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து உள்நாட்டை நோக்கி வந்தபோது, தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில் தென்னைகள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. எங்கள் தோப்பிலும் பாதிக்கு மேல் போயிற்று. கொட்டகையின் மேல் ஒரு மரம் விழுந்து கூரையை நசுக்கிவிட்டது.

அடுத்த மாதமே மழைக்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டியிருந்தது. விழுந்த தென்னைகளையே அறுத்துக் கால் நட்டோம். கீற்று முடையவும் ஆள் இல்லை, மரமும் இல்லை. ஆகவே ஆறடி நீளமுள்ள பத்து நெளிதகரங்களை வாங்கி, வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை போட்டு, கையில் கிடைத்த ஆணிகளை அடித்து முடித்தோம். கொட்டகையின் அகலம் 10 அடி, நீளம் 12 அடி. மேற்குப்புறம் உயரமாகவும் கிழக்குப்புறம் தாழ்வாகவும் ஒரே சாய்வு. அந்த அவசரத்தில் அதுவே பெரிதாகத் தோன்றியது.

நேர்ந்த தீங்கு

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை என் தந்தையார் மோட்டாரை நிறுத்தப் போனார். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்திருந்தது. ஈரக் கையோடு பெட்டியைத் தொட்டவர் 'சுரீர்' என்று தாக்கிப் பின்னால் விழுந்தார். நல்லவேளையாகக் கை பெட்டியில் ஒட்டிக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிட்டார். அன்று மாலையே மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்து பார்த்தபோது, எர்த் கம்பி அறுந்து கிடந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்தோம்.

எர்த் கம்பி சரியானது. கூரை சரியாகவில்லை.

மார்கழியில் கொட்டகையின் ஒரு மூலையில் அடுக்கியிருந்த கொப்பரை மூட்டைகள் இரண்டு பூசணம் பூத்துவிட்டன. தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ பாதிப் பங்கு நீர் இருக்கும். அதைக் காயவைத்து 6 விழுக்காட்டு அளவுக்குக் கொண்டுவந்த பிறகே நல்ல கொப்பரை என்று எடுக்கிறார்கள். பல நாள் வெயிலில் காயவைத்து எடுத்த ஈரத்தை ஓர் இரவு ஒழுக்கல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

நான் செய்த முதல் தவறு

"நீதான் படிக்கிறியே, என்னான்னு பாரு தம்பி" என்றார் அப்பா. நானும் பெருமிதத்தோடு ஏணி வைத்து ஏறினேன். கொட்டகைக்குள் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் சிறு துருப்புள்ளிகள் இருந்தன. அங்கே தாரைக் காய்ச்சி ஊற்றினேன். பக்கத்தில் இருந்த ஆணித்துளைகளைச் சிமெண்டு கொண்டு அடைத்தேன். அடுத்த மழையில் முன்பு விழுந்த அதே இடத்தில் அதே அளவு நீர் விழுந்தது. சித்திரை வெயிலில் தார் இளகி வழிந்தது. காற்றில் தகரம் அதிர்ந்தபோது சிமெண்டு வெடித்து உதிர்ந்தது.

எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். "சொட்டு விழுற எடத்தப் பாக்காத தம்பி. தண்ணி நுழையிற எடத்தப் பாரு. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார்.

இந்த ஒரு சொல்லே இக்கட்டுரையின் மையம் எனலாம். தகரத்தின் அடிப்பக்கத்தில் நுழையும் நீர் உடனே கீழே விழுவதில்லை. நீருக்கும் உலோகத்துக்கும் உள்ள ஒட்டுவிசையால் அது தகரத்தின் அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டே சரிவில் இறங்குகிறது. வழியில் ஒரு குறுக்குச் சட்டம் தடுக்கும்போதுதான் அங்கே திரண்டு சொட்டாகிறது. எங்கள் கொட்டகையில் நீர் நுழைந்த இடத்துக்கும் சொட்டு விழுந்த இடத்துக்கும் இடையே மூன்றடித் தொலைவு இருந்தது.

நுழைவாய் காணும் முறை

தச்சர் காட்டிய முறை எளியது. இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது ஒளிச்சோதனை. நல்ல வெயில் நேரத்தில் கொட்டகையின் பக்கங்களைச் சாக்கும் தட்டியும் கொண்டு மறைத்து உள்ளே இருட்டாக்க வேண்டும். கூரையில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் விண்மீன் போலத் தெரியும். அவ்விடங்களை உள்ளிருந்தே சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நீர்ச்சோதனை. ஒருவர் உள்ளே நிற்க, மற்றொருவர் வெளியே ஏணியில் நின்று குடத்தால் நீர் ஊற்ற வேண்டும். இதில் முக்கியமானது, கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி இரண்டடி இரண்டடியாக மேலே போக வேண்டும் என்பதாகும். மேலிருந்து ஊற்றினால் நீர் கூரை முழுவதும் ஓடும். எந்த இடத்தில் நுழைந்தது என்று பிரித்தறிய முடியாது. கீழிருந்து போனால், எந்தப் பட்டையில் ஊற்றும்போது முதற்சொட்டு விழுகிறதோ அந்தப் பட்டையில்தான் குற்றம் இருக்கிறது.

இச்சோதனைகளில் எங்களுக்குத் தெரிந்தவை மூன்று. ஆணிகள் தகரத்தின் பள்ளத்தில் அடிக்கப்பட்டிருந்தன. இரண்டு தகரங்களில் துருத்துளைகள் இருந்தன. இவை இரண்டும் எதிர்பார்த்தவை. மூன்றாவதுதான் வியப்பளித்தது. மேல்வரிசைத் தகரம் கீழ்வரிசைத் தகரத்தின் மேல் ஏறி நிற்கும் மேலிணைப்பில் துளையே இல்லை. ஆயினும் அதன் வழியாக நீர் உள்ளே வந்தது. ஸ்டார்ட்டரின் மேல் விழுந்தது அந்த நீர்தான்.

துளையின்றி நீர் நுழைவது எப்படி?

மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீர் தானாக மேலேறுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறோம். நுண்புழை ஏற்றம் என்பது அதன் பெயர். குழாயில்தான் என்றில்லை, நெருங்கி நிற்கும் இரண்டு தட்டுகளின் இடையிலும் நீர் ஏறும். அவ்வுயரம், பரப்பு இழுவிசையின் இருமடங்கை, நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், தட்டுகளின் இடைவெளி ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுக்கக் கிடைப்பதாகும்.

தகரங்களின் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றும், பரப்பு நன்கு நனைகிறது என்றும் கொள்வோம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். கணக்கிட்டால் உயரம் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் வருகிறது. இது செங்குத்து உயரம். தகரமோ சாய்ந்து கிடக்கிறது. சாய்வு குறையக் குறைய, அதே 29 மில்லிமீட்டர் உயரத்தை எட்ட நீர் தகரத்தின் மேல் அதிகத் தொலைவு ஊர்ந்து செல்லும்.

எங்கள் கூரையை அளந்தேன். 10 அடி அகலத்துக்கு ஏற்றம் 9 அங்குலமே. அதாவது சாய்வு 4 பாகைக்குச் சற்று அதிகம். இந்தச் சாய்வில் நீர் இணைப்புக்குள் ஊரும் தொலைவு 390 மில்லிமீட்டர், ஏறத்தாழ 15 அங்குலம். நாங்கள் விட்டிருந்த மேலிணைப்போ 4 அங்குலம். நீருக்கு அது ஒரு தடையே அன்று!

சாய்வை 15 பாகையாக்கினால் என்ன ஆகும்? ஊரும் தொலைவு 113 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலமாகக் குறைகிறது. அப்போதும் 4 அங்குல இணைப்பு போதாது; 6 அங்குலம் விட்டால் போதும். தகரக் கூரை போடுகிறவர்கள் "ஆறு அங்குலம் ஏத்திப் போடு" என்று வழிவழியாகச் சொல்லிவரும் கணக்குக்கு இப்படியோர் இயற்பியல் காரணம் இருப்பதை அன்றிரவு குறிப்பேட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். உண்மைத் தகரத்தில் இடைவெளி எங்கும் ஒரே அளவாக இராது. காற்றும் நீரைத் தள்ளும். ஆகவே சாய்வும் இணைப்பும் இந்தக் கணக்கைவிடச் சற்றுத் தாராளமாகவே இருக்கட்டும்.

கூரைப் பொருளுக்கு ஏற்பச் சாய்வு வேறுபடும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கீற்றுக் கூரை மிகச் செங்குத்தாக இருப்பதும், ஓட்டுக் கூரை அதைவிடச் சற்றுத் தணிந்திருப்பதும், தகரம் இன்னும் தணிந்திருப்பதும் கண்கூடு. கீற்றிலும் ஓட்டிலும் இணைப்புகள் பல. நீர் விரைந்து ஓடிவிட வேண்டும். தகரத்தில் இணைப்பு குறைவு என்பதால் தணிந்த சாய்வு போதும். ஆனால் 10 பாகைக்குக் கீழே போகலாகாது.

ஆணி அடிக்கும் இடம்

நெளிதகரத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. நீர் ஓடுவது பள்ளத்தில். ஆகவே ஆணியோ திருகாணியோ மேட்டில்தான் இறங்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் வாய்க்காலின் தரையில் துளையிட்டது போலாகும். நாங்கள் பள்ளத்தில் அடித்ததற்குக் காரணம், அங்கே தகரம் சட்டத்தில் படிந்து நின்றதால் அடிக்க எளிதாக இருந்ததுதான்.

ஆணி நாளடைவில் தளர்வதற்கும் காரணம் உண்டு. இரும்பு ஒரு பாகை வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. நண்பகலுக்கும் விடியலுக்கும் இடையே தகரத்தின் வெப்பம் 40 பாகை மாறுகிறது எனக் கொண்டால், 3 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நாளும் இந்த இழுபறி நடப்பதால் ஆணித்துளை அகன்றுவிடுகிறது. எனவே வெறும் ஆணி கூடாது. தலைக்கு அடியில் ரப்பர் வாசர் வைத்த திருகாணியோ, தூண்டில் முள் போல் வளைந்து சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஜே போல்ட்டோ வேண்டும். போல்ட்டின் மரையை வாசர் படியும் வரைதான் முடுக்க வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் மேடு நசுங்கி அங்கே நீர் தேங்கும்.

துருவும் துத்தநாகமும்

நெளிதகரம் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. துத்தநாகத்தின் மின்முனை அழுத்தம் -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44. எனவே இரண்டும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் துத்தநாகமே முதலில் கரைகிறது; இரும்பு காக்கப்படுகிறது. ஒரு கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் தன்னைத் தேய்த்து இரும்பைக் காக்கும். ஆனால் தென்னங்குப்பையும் சருகும் கூரையில் மக்கிக் கிடந்தால் அவ்விடம் எப்போதும் ஈரமாகவே இருந்து துத்தநாகம் விரைவில் தீர்ந்துவிடும். எங்கள் இரண்டு தகரங்களும் துருப்பிடித்த இடம், மட்டை விழுந்து மாதக்கணக்கில் கிடந்த இடமே. செம்புக் கம்பியால் தகரத்தைக் கட்டுவதும் தவறு. செம்பின் அழுத்தம் +0.34 என்பதால், ஈரம் பட்டவுடன் செம்பு பிழைத்துக்கொள்ளும், தகரம் அரிக்கப்படும்.

சிறு துளையானால் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, காயவைத்து, வர்ணம் பூசி அடைக்கலாம். விரல் நுழையும் துளையானால் அதே நெளிவுள்ள தகரத் துண்டு ஒன்றை, அதன் மேல்விளிம்பு மேல்வரிசைத் தகரத்தின் அடியில் செருகும்படி வைக்க வேண்டும். துண்டை மேலோடு ஒட்டவைத்தால் மேலிருந்து வரும் நீர் அதன் அடியில் புகும். எங்கள் தகரங்களில் மூன்று ஒட்டுப்போடும் நிலையைத் தாண்டிவிட்டதால் மாற்றிவிட்டோம். மற்ற ஏழு பழையவையே.

ஒழுகாத கூரை பறந்துபோனால்?

ஒழுக்கலை நிறுத்த வழி தெரிந்தது. ஆனால் அப்பா வேறொன்று கேட்டார். "சாய்வ ஏத்தினா மேக்குப்பக்கம் ஒசந்து போகுமே. காத்துக்கு நிக்குமா?" கஜாவைப் பார்த்தவரின் கேள்வி அது. அதற்கும் கணக்குப் போட்டேன்.

கூரை எடை தாங்காமல் கீழே விழும் என்றே நாம் அஞ்சுகிறோம். புயலில் தகரக் கூரை பெரும்பாலும் மேலேதான் போகிறது. கூரையின் மேலே காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. திறந்த பக்கத்தின் வழியாக உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்குகின்றன. காற்றழுத்தத்தைக் கணக்கிட இந்தியத் தர நெறி 875இன் மூன்றாம் பகுதி ஓர் எளிய வாய்பாட்டைத் தருகிறது. காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைக்கும்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் எனக் கொள்வோம். அது நொடிக்கு 33.3 மீட்டர். அழுத்தம் 667 நியூட்டன். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 68 கிலோ எடைக்குச் சமமான விசை. எங்கள் கூரையின் பரப்பு ஏறத்தாழ 12.8 சதுர மீட்டர். இந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கி இழுத்தால் மொத்தத் தூக்குவிசை 870 கிலோ! தகரமும் மரச்சட்டங்களும் சேர்ந்து கால் டன்னைத் தாண்டா. கூரைமேல் கல்லும் மணல் மூட்டையும் வைக்கும் வழக்கம் எவ்வளவு குறைவான பாதுகாப்பு என்பது இதிலிருந்து விளங்கும். பத்து மூட்டை வைத்தாலும் போதாது. கூரை போகும்போது அந்தக் கற்களும் கூடவே பறந்து ஆளைக் கொல்லும்.

எனவே கூரையை எடையால் அழுத்துவதைவிடத் தரையோடு கட்டுவதே சரி. தகரத்தைப் பிடிப்பது குறுக்குச் சட்டம். சட்டத்தைப் பிடிப்பது பனங்கை. பனங்கையைப் பிடிப்பது உத்திரம். உத்திரத்தைப் பிடிப்பது கால். காலைப் பிடிப்பது மண். இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி தளர்ந்தாலும் மற்றவை பயன்படா.

இங்கே என் தந்தையாரின் தொழிலறிவு முன்னே வந்தது. அவர் இளமையில் கீற்று வேய்ந்தவர். கீற்றுக் கொட்டகையில் ஆணி அரிது. எல்லாம் கயிற்றுக் கட்டு. சட்டத்தைக் கையோடும், கையை உத்திரத்தோடும், உத்திரத்தைக் காலோடும் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். "தகரத்துக்கு மாறினோம், கட்டுறத மறந்துட்டோம்" என்றார் அவர். இழுக்கும் திசையிலேயே உருவிக்கொண்டு வருவது ஆணியின் குணம். சுற்றிய கட்டு இழுக்க இழுக்க இறுகும். ஜே போல்ட் சட்டத்தைச் சுற்றிப் பிடிப்பதும் அதே கட்டுதான். கயிறு இரும்பாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

நாங்கள் செய்த வேலை

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் நான்கில் வேலையை முடித்தோம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே ஒவ்வொரு நாளும் தொடங்கினோம். வேலையின் வரிசையைக் கீழே தருகிறேன். வரிசை கீழிருந்து மேலே செல்வதைக் கவனிக்க.

1. கால்கள்: மேற்குப்புறத்துத் தென்னங்கால் மூன்றும் மண்மட்டத்தில் உளுத்திருந்தன. அவற்றை நீக்கி, பழைய ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய்களை நட்டோம். கிழக்கே இருந்த பனங்கால்கள் வைரம் பாய்ந்தவை. அவற்றை விட்டுவிட்டு அடியை மட்டும் தோண்டினோம். ஒவ்வொரு காலுக்கும் ஒன்றேகால் அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி. காலின் அடியில் ஒரு கம்பியைக் குறுக்காகச் செருகி, குழியைக் கான்கிரீட்டால் நிரப்பினோம். 870 கிலோவை ஆறு கால்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 145 கிலோ. குழியிலுள்ள கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 240 கிலோ. குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் கால் மட்டும் உருவி வந்துவிடும். கான்கிரீட்டின் மேல்பகுதியை மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, நீர் தேங்காதபடி சரிவாகப் பூசினோம்.

2. சாய்வு: 15 பாகைக்கு 10 அடி அகலத்தில் 2 அடி 8 அங்குல ஏற்றம் வேண்டும். மேற்குக் கால்களை அந்த அளவுக்கு உயர்த்தினோம்.

3. மூலைச்சட்டம்: நான்கு சட்டங்களால் ஆன நாற்கரம் பக்கவாட்டில் தள்ளினால் சாயும். முக்கோணம் சாயாது. ஆகவே காலும் உத்திரமும் சேரும் ஒவ்வொரு மூலையிலும் இரண்டடி நீளச் சட்டம் ஒன்றைச் சாய்வாகக் கொடுத்து முக்கோணமாக்கினோம்.

4. கட்டு: நான்கு பனங்கைகள் இரு உத்திரங்களிலும் அமரும் இடங்கள் எட்டு. ஒவ்வொன்றும் புயலில் ஏறத்தாழ 110 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். எட்டிலும் 8 கேஜ் துத்தநாகக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி இறுக்கினோம். இந்தக் கட்டுகள் எட்டையும் அப்பாவே போட்டார்.

5. குறுக்குச் சட்டம்: முன்பு மூன்றே இருந்தன. இடைவெளி அதிகமானதால் தகரம் தொய்ந்து அங்கே நீர் நின்றது. இப்போது ஐந்தாக்கினோம். மேலிணைப்பு சரியாக ஒரு சட்டத்தின் மேல் வரும்படி அமைத்தோம்.

6. தகரம்: எங்கள் பக்கம் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. எனவே தெற்குக் கோடியிலிருந்து தகரத்தை அடுக்கத் தொடங்கி வடக்கே சென்றோம். ஒவ்வொரு புதுத் தகரமும் முந்தையதன் மேல் ஏறும். திறந்த விளிம்பு தெற்கு நோக்கி நிற்கும். காற்று நீரை அதற்குள் தள்ளாது. பக்க இணைப்பில் ஒன்றரை நெளிவும், மேலிணைப்பில் 6 அங்குலமும் விட்டோம்.

7. போல்ட்: கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் காற்றின் இழுப்பு நடுவைவிட மிகுதி. எனவே ஓரச் சட்டங்களில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டிலும், நடுவில் இரண்டு மேடு விட்டும் போல்ட் கொடுத்தோம். தாழ்வாரத்தை ஓரடிக்கு மேல் நீட்டவில்லை. நீண்ட தாழ்வாரம் காற்றுக்குக் கைப்பிடி போலாகும்.

தகரத்தின் மேல் ஏறும்போது வெறுங்காலால் நடுவில் மிதிக்கக் கூடாது. சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். கூரை ஈரமாக இருக்கும்போது ஏறவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் அதை அறுப்பதோ துளையிடுவதோ உடைப்பதோ வேண்டா. அதன் நுண்ணிய இழைத்தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்யும்.

வேலை முடிந்த மாலை மீண்டும் நீர்ச்சோதனை செய்தோம். தம்பி குடங்குடமாக ஊற்றினான். நான் உள்ளே அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். ஒரே ஓர் இடத்தில் கசிந்தது. போல்ட்டின் வாசர் ஒன்று கோணலாக உட்கார்ந்திருந்தது. அதை மாற்றினோம்.

முடிவுரை

இவ்வாண்டு ஐப்பசியும் கார்த்திகையும் கடந்துவிட்டன. புயல் ஏதும் எங்கள் பக்கம் வரவில்லை. ஆதலால் எங்கள் கட்டுகளின் முழு வலிமை இன்னும் சோதிக்கப்படவில்லை. ஆனால் அடைமழை வந்தது. ஓர் இரவு பத்து மணிக்கு மேல் மழை கொட்டத் தொடங்கியதும், நானும் அப்பாவும் விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். மேலே தகரத்தில் பேரிரைச்சல். கீழே தரை காய்ந்து கிடந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசு அப்படியே இருந்தது. அப்பா விளக்கை உயர்த்தி அந்தத் தூசைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கட்டிலை விரித்துப் படுத்துக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போ தம்பி, காலையில காலேஜு இருக்குல்ல" என்றார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் தோட்டமும் தோப்பும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன், புரட்டாசிக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமையை உங்கள் கொட்டகைக்கு ஒதுக்குங்கள். கால் உளுத்திருக்கிறதா, கட்டு இருக்கிறதா, சாய்வு எவ்வளவு, இணைப்பு எத்தனை அங்குலம், ஆணி மேட்டிலா பள்ளத்திலா, எர்த் கம்பி உயிரோடு இருக்கிறதா என்று ஆறு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அளப்பதற்கு ஒரு நாடாவும் கணக்குப் போட ஒரு தாளும் போதும். நாம் படித்த பாடம் அந்தத் தாளில் உதவும். கட்டுப் போடும் விதத்தை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.